வினையில் விளங்கும் பெயர்

பெயர்ச்சொல்லின் திணையும் பாலும் எண்ணும் அச்சொல்லுக்குள்ளேயே உறைவன போலத்தான் நம் பள்ளி இலக்கணங்கள் கற்பிக்கின்றன. 'மரம்' அஃறிணை, 'மங்கை' பெண்பால் என்று பட்டியல் நீளும். இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஒரு பெயரின் வகுப்பு இலக்கணமாவது அதனோடு இயையும் பிற சொற்களில்தான். அந்த இயைபை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருள்களைப் பற்றிய உலகறிவு மட்டுமே. சார்லஸ் ஹாக்கெட் 1958இல் பாலை வரையறுத்தபோது, உடன்வரும் சொற்களின் போக்கில் புலப்படும் பெயர் வகுப்பு என்றே வரையறுத்தார். பின்வந்த மொழியியலாரும் பெரும்பாலும் அந்த வழியே சென்றனர்.

தொல்காப்பியத்தின் பெயரியலும் இதே முடிவை வேறு நெறியில் அடைந்திருக்கிறது. இருதிணைக்கும் பொதுவான பெயர்கள் வினையோடு சேர்ந்தாலன்றிப் பால் வேறுபாடு காட்டா என்கிறது அது. 'சாத்தன் வந்தான்', 'சாத்தன் வந்தது' என்பவை மரபான எடுத்துக்காட்டுகள். முதல் தொடரில் சாத்தன் ஓர் ஆள். அடுத்ததில் அப்பெயர் பெற்ற விலங்கு. பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எண்ணுக்கும் இதே விதிதான்: 'ஆ வந்தது', 'ஆ வந்தன'. கிளவியாக்கம் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறது. தெய்வத்தைச் சுட்டும் பெயர்களுக்குப் பால் உணர்த்தும் ஈறு தமக்கென இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே அவை பால் பிரிந்து வழங்கும் என்கிறது.

இவை விதிவிலக்குகள், 'மாணவன்', 'மாணவி' போன்றவை பாலைத் தம் ஈற்றிலேயே காட்டுகின்றனவே என்று மறுக்கலாம். ஆனால் 'மாணவி வந்தாள்', 'தம்பி வந்தான்', 'நரி வந்தது' என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மூன்று பெயர்களும் இகரத்தில் முடிகின்றன. மூன்றும் மூன்று பாலாகின்றன. நண்டைக் குறிக்கும் 'அலவன்' அன் ஈறு பெற்றும் அஃறிணை வினையையே கொள்கிறது. ஈறு ஒரு குறிப்பைத் தரலாம். முடிவு செய்வது வினைதான்.

தமிழுக்கு வெளியிலும் நிலை இதுவே. ஜெர்மன் மொழியில் 'ஸே' என்ற சொல் 'டெர்' என்ற ஆண்பால் சுட்டோடு வந்தால் ஏரி. 'டீ' என்ற பெண்பால் சுட்டோடு வந்தால் கடல். சுவாஹிலி இன்னும் வலுவான சான்று, ஏனெனில் அங்கே பெயரின் முன்னொட்டே வகுப்பைக் காட்டுவதாகத் தோன்றும். 'கிடாபு' என்றால் புத்தகம். புத்தகம் விழுந்தது என்பதற்கு 'கிடாபு கிமேஅங்குக்கா' என்பர். 'கி' வினையிலும் திரும்புகிறது. நீர்யானையும் 'கிபோகோ'தான், ஆனால் அது விழுந்தால் 'கிபோகோ அமேஅங்குக்கா'. உயிருள்ளவற்றுக்குரிய வினைவடிவம் அது. பெயர் தன் முன்னொட்டால் ஒன்றைச் சொல்ல, இயைபு மற்றொன்றைச் சொல்கிறது. மொழி இயைபின் பக்கமே நிற்கிறது. எல்லா மொழிகளும் பெயர்களை இப்படி வகுப்பதில்லை. கிரெவில் கார்பெட் ஒப்பிட்ட 257 மொழிகளில் 145க்குப் பால் பாகுபாடே இல்லை. சீனம் போன்றவை எண்ணுப்பெயருக்குப் பின் அளவைச்சொல் சேர்த்துப் பெயர்களை வகைப்படுத்துகின்றன. அது வேறு ஏற்பாடு.

திராவிட மொழிகளை இக்கண்கொண்டு பார்க்கும்போது நெடுநாள் குழப்பம் ஒன்று தெளிகிறது. தெலுங்கில் 'ஆமெ வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள். 'ஆவு வச்சிந்தி' என்றால் பசு வந்தது. இரண்டுக்கும் ஒரே வினை. இதைக் கொண்டு தெலுங்கர் பெண்ணை விலங்கோடு வைத்தெண்ணினர் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. பன்மையில் அதே தெலுங்கு ஆணையும் பெண்ணையும் சேர்த்து 'வச்சாரு' என்கிறது. 'வச்சாயி' பிறவற்றுக்கே உரியது. கோண்டியிலும் குயியிலும் பன்மையிலும்கூடப் பெண்கள் அஃறிணையோடு இயைகின்றனர். ஒருமையில் தனிப் பெண்பால் வடிவம் தென் திராவிடக் கிளையில் பின்னர் அமைந்தது என்பது ஒப்பிலக்கண அறிஞர் பலரின் கருத்து. இயைபு வடிவங்களின் வரலாற்றை ஒரு சமூகத்தின் மனப்பான்மையாகப் படிக்கக் கூடாது.

மலையாளம் மறுமுனையில் நிற்கிறது. அவன், அவள், அது மூன்றுக்கும் வினை 'வந்நு' ஒன்றே. வினை பால் காட்டும் ஈற்றை இழந்தபின் சுட்டுப்பெயர்களே அங்கு முதன்மைச் சான்றாயின. பிராகுயியிலோ சுட்டுப்பெயர்களிலும் பால் இல்லை. ஆணையும் பெண்ணையும் குறிக்கும் சொற்கள் அங்கே இருக்கின்றன. இலக்கணப் பால் இல்லை. பெயரின் பொருளும் பெயரின் பாலும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய பேச்சுத் தமிழிலும் இத்தகைய மாற்றம் ஒரு மூலையில் நிகழ்ந்திருக்கிறது. அஃறிணை வினையில் ஒருமை பன்மை வேறுபாடு பெரும்பாலும் மறைந்து, 'வந்தது', 'வந்தன' இரண்டும் 'வந்துச்சு' ஆகிவிட்டன. அதனால் பன்மையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அதைப் பெயரே காட்ட வேண்டியிருக்கிறது: 'மாடுங்க வந்துச்சு', 'மரமெல்லாம் விழுந்துச்சு'. தொல்காப்பியர் காலத்தில் அஃறிணைப் பெயரோடு வந்தும் வராமலும் இருந்த 'கள்' இன்று பேச்சில் இந்தப் பளுவைத் தாங்குகிறது. திணை, பால் வேறுபாட்டை மட்டும் வினை இன்னும் விடவில்லை. ஆகவே 'தம்பி'க்கும் 'நரி'க்கும் பேச்சில் இன்றுவரை தனி ஒட்டு எதுவும் தேவைப்படவில்லை.