போரும் இசையாக்கமும்: ஷொஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி பற்றிய ஒரு நோக்கு

சோவியத் இசையாக்குநர் டிமித்ரி ஷொஸ்டகோவிச்சின் (1906 – 1975) படைப்புக்களுள் 'லெனின்கிராட்' எனப் பெயர்பெற்ற ஏழாவது சிம்பொனியைப் போல வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளானவை சிலவே. பாசிச எதிர்ப்பின் போர்முரசென அதனை ஒரு சாரார் கொள்வர். ஸ்டாலினின் ஆட்சிக்கெதிரான மறைபொருட் கூற்றெனப் பிறிதொரு சாரார் கொள்வர். இவ்விரு நோக்கும் அப்படைப்பு எழுந்த சூழலை முழுமையாக விளக்கமாட்டா என்பதே எமது கருத்தாகும்.

போருக்கு முற்பட்ட நிலையை முதலில் நோக்குவோம். 1936 சனவரியில் 'பிராவ்தா' நாளேடு அவரது இசைநாடகமொன்றைக் கடுமையாகக் கண்டித்தது. அவ்வாண்டிறுதியில், ஒத்திகையிலிருந்த தமது நான்காவது சிம்பொனியை அவர் மீளப் பெற்றார். 1961 வரை அது அரங்கேறவில்லை. அவரை ஆதரித்த தளபதி துகாச்செவ்ஸ்கி 1937இல் மரணதண்டனைக்குள்ளானார். இழப்புக்கள் மலிந்த அக்காலத்தில் அவற்றுக்காக வெளிப்படையாக அழுவதற்கு இடமிருக்கவில்லை.

1941 யூன் 22இல் நாசிப் படைகள் சோவியத் ஒன்றியத்தினுட் புகுந்தன. செப்டெம்பரில் லெனின்கிராட் முற்றுகைக்குள்ளாயிற்று. 1944 சனவரி வரை நீடித்த அம்முற்றுகையிற் பல இலட்சம் மக்கள் பட்டினியால் மாண்டனர். சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளையும் லெனின்கிராட்டிலேயே எழுதிய ஷொஸ்டகோவிச், ஒக்டோபரில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, டிசம்பரிற் குய்பிஷெவ் நகரில் அதனை நிறைவு செய்தார். 1942 மார்ச் 5இல் அந்நகரிலேயே அது அரங்கேறிற்று.

முற்றுகைக்குட்பட்ட லெனின்கிராட்டில் 1942 ஓகஸ்ட் 9இல் நிகழ்ந்த அரங்கேற்றம் தனிக் கவனத்துக்குரியது. எலியாஸ்பெர்க் நெறிப்படுத்திய வானொலி வாத்தியக்குழுவினருட் பலர் மாண்டுவிட, எஞ்சியோர் பசியால் நலிந்திருந்தனர். வெற்றிடங்களை நிரப்பப் படைவீரரான இசைவாணர் வரவழைக்கப்பட்டனர். குழுவினருக்கு மேலதிக உணவும் வழங்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு ஊறு நேராவண்ணம் எதிரியின் பீரங்கி நிலைகளைச் சோவியத் பீரங்கிப்படை தாக்கி அடக்கிற்று. ஒலிபெருக்கிகள் வழியாக அவ்விசை நகரெங்கும் கேட்டது.

படைப்பின் அமைப்பே எமது கருத்துக்கு அரண் செய்கின்றது. முதற் பகுதியிற் சிறு முரசின் தாளத்தோடு மெல்லத் தொடங்கும் அணிநடை இசை, மீண்டும் மீண்டும் ஒலித்துப் பேரோசையாக வளர்கின்றது. ஆயின் அதன் உச்சத்தைத் தொடர்ந்து வருவது வெற்றி முழக்கமன்று; பசூன் என்னும் துளைக்கருவியின் நீண்ட தனித்த புலம்பலேயாகும். போர் அவருக்குத் துயரத்தைத் தந்ததெனக் கூறுவது போதாது. முன்னரே திரண்டிருந்த துயரத்தைப் பலரறிய வெளியிடும் வாய்ப்பையும் அதுவே தந்தது எனல் பொருந்தும்.

அவ்வாய்ப்பு நிலைக்கவில்லை. 1943இல் எழுந்த எட்டாவது சிம்பொனி, 1948இன் கலைக் கொள்கைக் கெடுபிடியின்போது தடைக்குள்ளாயிற்று. வெற்றிபெற்ற அரசுக்கு வெற்றியின் இசையே வேண்டியிருந்தது. 1960இல் திரெஸ்டெனை அண்டிய ஊரொன்றில் மூன்றே நாட்களில் எழுதிய எட்டாவது தந்தி நால்வரிசையை, பாசிசத்துக்கும் போருக்கும் பலியானோர்க்கென அவர் உரிமையாக்கினார். எனினும் நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில் அதனைத் தமது நினைவுக்கே உரியதாகக் குறிப்பிட்டார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

கலைஞனை அரசின் குரலாகவோ அரசெதிர்ப்பின் குரலாகவோ மட்டுங் காண்போர், மாண்டவர்களை மறந்துவிடுகின்றனர். வரலாற்று நோக்கிற்கு அவர்களே தொடக்கமாதல் வேண்டும்.