வீடு தேடி வரும் பூனை

வீரகேரளம்புதூர் முதலிய சிற்றாற்றங்கரை ஊர்களில், பால்சட்டியை உருட்டும் பூனையைச் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டு வருவது பழைய வழக்கம். விட்டவர் வீடு திரும்பிக் கால் கழுவுமுன் அது அடுப்பங்கரையில் படுத்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வர். இதனால், காணாமற்போன பூனை தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அது எவ்வளவு மெய் என்று ஆராய்வோம், மாணவர்களே.

மனிதனும் பூனையும் கூடி வாழ்ந்த வரலாறு தொன்மையானது. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியில் மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடந்ததைப் பிரெஞ்சு அறிஞர்கள் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் தொல்காப்பிய மரபியலும் வெருகு, பூசை என்னும் பெயர்களைக் கூறுகிறது. ஆயினும் பூனையின் வழியறியும் திறனை அளந்து பார்க்கும் எண்ணம் அண்மையில்தான் எழுந்தது.

அமெரிக்கப் பேராசிரியர் ஹெரிக், 1922-இல் தம் சோதனைகளை வெளியிட்டார். குட்டி ஈன்ற தாய்ப்பூனையைக் குட்டிகளினின்றும் பிரித்து, 1 முதல் 4 மைல் தொலைவுகளில் விட்டார். அது திரும்பி வந்தது. 16 மைலுக்கு அப்பால் விட்டபோதோ வரவில்லை. அக்குட்டிகளை எண்ணும்போது இச்சோதனை நமக்கு உவப்பாக இல்லை.

1954-இல் ஜெர்மானியரான பிரெக்ட்டும் லிண்டன்லாபும் வேறு வழியை மேற்கொண்டனர். பூனைகளை மூடிய பைகளில் சுற்றுவழியாகக் கொண்டுசென்று, பல வாயில்கள் கொண்ட வட்டமான சிக்கற்கூண்டில் விட்டனர். பெரும்பாலானவை வீடு இருந்த திசையின் வாயிலையே நாடின. தொலைவு மிகுந்தபோது இத்திறன் குன்றிற்று.

ஆக, பூனைக்குத் திறன் உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. நம்பிக்கையின் தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. வந்துவிடும் என்று வாளாவிருப்போர் பூனையை இழக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் பங்கேற்று 2018-இல் வெளியிட்ட ஆய்வில், காணாமற்போன 1,210 பூனைகளின் செய்தி திரட்டப்பெற்றது. ஓராண்டில் கிடைத்தவை 61 விழுக்காடு. கிடைத்தவற்றுள் முக்கால் பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன! அஞ்சிய பூனை குரல் கொடாது. அண்டை வீட்டுப் பரணிலோ வைக்கோற்போரின் பின்னோ ஒடுங்கிக் கிடக்கும். நடந்து சென்று தேடினோர்க்கே அது கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

மனிதர் துணையின்றி மீளவே இயலாத பூனைகளும் உண்டு. 2015-இல் ஈராக்கின் மோசூல் நகரிலிருந்து போருக்கு அஞ்சி ஓடிய குடும்பம் ஒன்று, குன்குஷ் என்னும் வெண்பூனையைக் கூடையில் சுமந்து கடல் கடந்தது. கிரேக்கத் தீவான லெஸ்போசில் கரையேறியபோது அது வெருண்டோடி மறைந்தது. தேடிச் சலித்து, கண்ணீரோடு அவர்கள் மேலே நடந்தனர். பின்னர்த் தொண்டர்கள் அதனைக் கண்டெடுத்துப் பேணினர். பெர்லினுக்கு அனுப்பி, அதன் படத்தை இணையத்தில் பரப்பினர். அக்குடும்பமோ நார்வேயில் குடியேறியிருந்தது. நார்வேக்கு வழி எந்தப் பூனைக்குத் தெரியும்? முன்பின் அறியாத பலர் கைமாற்றிக் கொண்டுசேர்க்க, 2016 பிப்ரவரியில் குன்குஷ் தன் குடும்பத்தாரை அடைந்தது.