தேயிலை மலையும் நாட்டின் அறிவியலும்

ஒரு நாட்டின் அறிவியல் வளர்ச்சி தலைநகரத்து ஆய்வுக்கூடங்களில் மட்டும் நிகழ்வதன்று. மலைச்சரிவிலும் ஆற்றுப்படுகையிலும் உழைப்பவர் கைகளிலும் அது வேர்கொள்கிறது. பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் உயர்ந்து நிற்கும் கேமரன் மலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் அடர்ந்த காடுகளைக் கடந்து சென்று, மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டார். கண்ட இடத்தை நிலப்படத்தில் குறிக்க அவர் தவறினார். மறு ஆண்டே மறைந்தும் போனார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அரசாங்கம் அவ்விடத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஆயினும், காட்டின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த பூர்வகுடி மக்கள் அங்கு வாழ்ந்தே வந்தனர்.

திருப்பம் 1925இல் நேர்ந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலாளராயிருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அம்மலையை வளர்ச்சிக்குரிய இடமாகக் கண்டார். தானா ராத்தாவில் வேளாண்மைச் சோதனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தேயிலை, காப்பி, சின்கோனா, காய்கறிகள் ஆகியவற்றுள் எவை அக்குளிர்ந்த மண்ணில் தழைக்கும் என்பதை அறிவதே அதன் நோக்கம். அதே 1925இல்தான் இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும், மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் சட்டத்தின்வழித் தோற்றம் பெற்றன. தோட்டப் பயிர்களை அனுபவம் ஒன்றை மட்டும் நம்பி வளர்க்கவியலாது என்ற தெளிவு அக்காலத்தே பிறந்துவிட்டது என்பதை இவ்வொற்றுமை உணர்த்துகின்றது.

1926இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை அமைக்கும் பணி தொடங்கிற்று. செங்குத்தான பாறைகளும் மலேரியாக் காய்ச்சலும் குறுக்கிட்டன. 1931இல் பணி நிறைவுற்றது. அதற்கிடையே, 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாரின் துணையுடன் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. ஆய்வும் சாலையும் பொதுப் பணத்தால் முன்னே வந்தன. முதலாளியின் மூலதனம் அவற்றைப் பின்தொடர்ந்தது.

மூன்றாவதாக வந்தவர் தொழிலாளர். காடழித்து, படிக்கட்டுகளெனச் சரிவுகளைத் திருத்தி, கன்றுகளை நட்டவர்களுள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழரே. கங்காணிகள் வழியாகவும் அரசின் குடியேற்ற நிதியின் உதவியாலும் அவர்கள் மலாயாவுக்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதித்ததும் அவ்வரவு நின்றது.

சோதனை நிலையம் செடியை ஆராய்ந்தது. மண்ணையும் மழையையும் அளந்தது. ஆனால் செடியைப் பேணிய மனிதரின் அறிவை யாரும் ஏட்டில் ஏற்றினாரில்லை. ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கசங்காமல் கிள்ளத் தெரிந்ததும், கவ்வாத்து வெட்டும் உயரத்தைக் கண்ணாலேயே கணிக்கத் தெரிந்ததும், வாடிய இலையைத் தொட்டே பக்குவம் அறிந்ததும் எளிய திறன்கள் அல்ல. அவை எழுதப்படாத அறிவியல்.

நாடு விடுதலையடைந்தபின் அறிவியல் வேறொரு வடிவில் மலையேறிற்று. 1958இல் மலாயாவுக்கு உலக வங்கி வழங்கிய முதற்கடன் கேமரன் மலை நீர்மின் திட்டத்திற்கே பயன்பட்டது. ரிங்லெட்டில் எழுந்த சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் நிறைவுற்றது. தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீர் சுரங்கங்கள் வழியே பாய்ந்து மின்சாரமாயிற்று. எனினும், காடழித்துப் பெருகிய காய்கறித் தோட்டங்களிலிருந்தும் கட்டுமானங்களிலிருந்தும் கழுவப்பட்ட மண் அணையின் நீர்த்தேக்கத்தை நிரப்பலாயிற்று. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் மாண்டன. மேட்டில் மண்ணைக் காவாத வேளாண்மையும் பள்ளத்தில் நீரைத் தேக்கும் பொறியியலும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தால் என்னாகும் என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டா.

1969இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமாகிய மார்டி உருவாயிற்று. தானா ராத்தா நிலையமும் அதன் பொறுப்பில் வந்தது. 1975இல் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மேம்பாட்டு மன்றம் அமைந்தது. 1986இல் நாட்டின் முதல் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை வெளியாயிற்று. 1988இல் முன்னுரிமைத் துறைகளில் ஆராய்ச்சியைத் தீவிரப்படுத்தும் திட்டம் தொடங்கிற்று. மாணவருள் நூற்றுக்கு 60 பேர் அறிவியல் பயில வேண்டும் என்னும் இலக்கும் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது.

இவ்விலக்கு தோட்டத்துக் குடியிருப்பின் வாயிலை எட்டியதா என்பதே வரலாறு எழுப்பும் வினா. தோட்டத்தில் பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, ஆனால் பல இடங்களில் ஓராசிரியரும் ஒரு கொட்டகையுமே பள்ளியாயின. ஆய்வுக்குச் சோதனை நிலையம் அமைத்த அரசு, அங்குள்ள பிள்ளையின் ஆற்றலைச் சோதித்தறிய அத்துணை முனைப்புக் காட்டவில்லை.

இன்று கொழுந்து பறிக்க இயந்திரங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதியாக உழைக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல மலையிறங்கிவிட்டன. எஞ்சியிருக்கும் தமிழ்ப்பள்ளிகளின் அருகிலேயோ ஒப்பற்ற ஆய்வுக்கூடம் ஒன்று திறந்து கிடக்கின்றது. அதுவே தேயிலைத் தொழிற்சாலை. இலையை வாட்டுகையில் நீர் ஆவியாவதைக் காணலாம். உருட்டுகையில் இலையின் உயிரணுக்கள் சிதைந்து சாறு வெளிப்படுவதைக் காணலாம். புளிக்கவைத்தல் என்று வழங்கப்படும் படிநிலை உண்மையில் புளிப்பன்று. காற்றின் உயிர்வளி இலைச்சாற்றோடு கூடும் வேதிவினை என்பதையும் விளக்கலாம். பாடநூல் தேடும் கலைச்சொற்கள் சில, முன்னோர் நாவில் முன்பே புழங்கியவை என அறியும் மாணவன் அறிவியலை அயலார் உடைமையாகக் கருதமாட்டான்.

அரசின் திட்டங்கள் நிதியையும் நிலையங்களையும் தரவல்லவை. அறிவியல் தனக்கும் உரியது என்னும் துணிவைப் பிள்ளையின் உள்ளத்தில் விதைக்க வல்லவர் ஆசிரியரே. கொழுந்து பறித்த கைகளின் பேரப்பிள்ளைகள் தானா ராத்தா ஆய்வு நிலையத்தில் ஆய்வாளராய் அமரும் நாளிலேயே, 1925இல் தொடங்கிய அப்பணி நிறைவெய்தும்.