முழங்கால் அளவுத் தண்ணீர்

ஏரிக்கரை ஊரான பழவேற்காட்டின் வரலாறு என்றால் 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையும் துணி வணிகமும்தான் பேசப்படும். மீன்பிடியைப் பற்றி எழுதுபவர்களோ 'பாடு' முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் முறைவைத்து நல்ல இடங்களில் சுத்துவலை கட்டும் ஏற்பாடு அது. சண்டையில்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ள அதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது; ஆனால் அந்த நியாயம் உரிமை உள்ளவர்களுக்குள் மட்டும்தான். பாடு இல்லாத இருளர் பழங்குடியினருக்கு மிஞ்சியது ஆழமற்ற சேற்று நீர். ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய ஒரு மீட்டர். அங்கே வலையில்லாமல், குனிந்தும் மண்டியிட்டும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறி என்னும் கூடையில் போடுகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்று பாடு முறையில் ஆன தீர்ப்பே, யாருடைய முட்டி பாரத்தைச் சுமக்கும் என்பதையும் முடிவு செய்துவிட்டது என்பேன்.

முழங்கால் கதவுக் கீல்போல எளிமையானதல்ல. தொடையெலும்பின் இரு உருண்டை முனைகள், ஏறத்தாழத் தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் உருண்டும் வழுக்கியும் நகர்கின்றன. இடையில் பிறைவடிவக் குருத்தெலும்புகள் இரண்டு, உள்ளே குறுக்காக ஓடும் தசைநார்கள் இரண்டு, முன்னால் முழங்கால் சில்லு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. ஆகவே நடப்பது வேறு, மடக்கிய காலோடு நெடுநேரம் இருப்பது வேறு. ஓயாமல் மண்டியிட்டால் சில்லுக்கு முன்னால் தோலடியில் உள்ள நீர்ப்பையும் வீங்கும்.

குந்துவது நம் ஊர் வழக்கம்தானே, பழகிய முட்டிக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹேவ்லாக் சார்லஸ், குந்தும் பழக்கத்தின் தடம் பஞ்சாபியரின் கால் எலும்புகளில் பதிந்திருப்பதை 1893இலேயே விவரித்தார். எலும்பு பழக்கத்துக்கு வளைந்துகொடுக்கும் என்பதற்கு அது சாட்சி, வலிக்காது என்பதற்கு அல்ல. தவிர, வீட்டில் குந்துபவர் நினைத்தபோது எழுந்துகொள்ளலாம். இறால் தேடுபவரின் நேரத்தை முடிவு செய்வது நீர்மட்டமும் அன்றைய வரும்படியும்தான்.

சுரங்கத்தில் மண்டியிட்டு வீங்கிய முட்டியை, இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக இங்கிலாந்துச் சட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்றது. அங்கே வழக்குப் போட ஒரு முதலாளி இருந்தார். கையால் இறால் பிடிப்பவருக்கு முதலாளி இல்லை, வாங்கும் வியாபாரி மட்டுமே உண்டு. இழப்பீடு கேட்க அவருக்கு ஆளே கிடையாது.