பீடத்தில் ஏன் துளைகள்? அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான உலகப் பண்பாட்டுப் பட்டறைகள் குறித்து

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒரே கல்வியாண்டில் மெசபடோமியா, எகிப்து, பண்டைய இஸ்ரேல், கிரேக்கம், இந்தியா, சீனா, ரோம் எனப் பல நாகரிகங்களைக் கடந்தாக வேண்டும். இந்தியாவுக்கு வாய்ப்பது சில வாரங்கள். இந்தியாவைப் பற்றி அவர் கல்லூரியில் ஒரு தாள்கூடப் படிக்காதவராக இருக்கலாம். ஆனால் வகுப்பில் தஞ்சாவூரிலிருந்தோ லாகூரிலிருந்தோ குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடிதான் அவர் பாடம் நடத்த வேண்டும்.

இந்த இக்கட்டிலிருக்கும் ஆசிரியருக்குத்தான் பணியிடைப் பயிற்சிப் பட்டறைகள். அவற்றைப் பொதுவாக இரண்டு கேள்விகளால் மதிப்பிடுகிறார்கள்: எத்தனை பேர் வந்தார்கள்? எத்தனை நாடுகளைப் பற்றிச் சொல்லப்பட்டது? இரண்டுமே தவறான அளவுகோல்கள் என்று நான் கருதுகிறேன். பட்டறை முடித்துத் திரும்பும் ஆசிரியர், தமக்குப் பழக்கமில்லாத ஒரு பொருளின் முன் நின்று என்ன கேள்வி கேட்கிறார் என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

இப்பட்டறைகள் பிறந்த சூழலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஆறாம் பகுதி, பிறமொழிகளுக்கும் உலக வட்டாரங்களுக்குமான ஆய்வு மையங்களைப் பல்கலைக்கழகங்களில் வளர்த்தது. சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களின் தெற்காசிய மையங்கள் இந்த நிதியில் தழைத்தவை. அங்கெல்லாம் தமிழ் கற்பிக்கப்பட்டதில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு. 1961-இன் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் ஆசிரியர்களைக் குழுக்களாக வெளிநாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. 1970-களிலிருந்து, மையங்கள் தங்கள் அறிவை வளாகத்துக்கு வெளியே பள்ளிகளுக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வலுத்தது. நாட்டின் பாதுகாப்புக்காக ஒதுக்கிய பணம், சுற்றிவளைந்து ஆறாம் வகுப்புக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்த கதை இது.

கோட்பாட்டுக்கும் பஞ்சமில்லை. ராபர்ட் ஹான்வி 1976-இல் எழுதிய சிறுநூல் இன்றும் உலகக் கல்வித் துறையின் அடிப்படை ஏடு. கருத்து வேறு, பார்வைக்கோணம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கருத்து நமக்குத் தெரிந்தே நம்மிடம் இருப்பது. பார்வைக்கோணமோ நம்மை அறியாமலே நம்மை இயக்குவது. தமக்கும் ஒரு பார்வைக்கோணம் உண்டென்று மாணவர் உணர்வதே உலகக் கல்வியின் முதல் படி என்பது அவர் நிலைப்பாடு.

ஆனால் கோட்பாடு இவ்வளவு ஆழமாக இருந்தும் நடைமுறை உணவு, உடை, திருவிழா என்ற மூன்றோடு நின்றுவிடுவது இத்துறையில் உள்ளவர்கள் தாமே ஒப்புக்கொள்ளும் குறை. ஒரு நாள் பட்டறை, காலையில் ஒரு பேராசிரியரின் உரை, மதியம் சமோசா, மாலையில் கையில் ஒரு கோப்பு. அந்தக் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். 2007-இல் யூன் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தனர். கண்டிப்பான தரத்தில் தேறியவை ஒன்பதுதான். 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளால் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதைத் தாண்டி நீண்டவற்றில் பலன் தெரிந்தது. அவை வாசிப்பு, கணிதம், அறிவியல் பற்றிய ஆய்வுகள். பண்பாட்டுக் கல்விக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. என்றாலும், பின்னங்களைக் கற்பிக்கும் முறையை மாற்றவே ஒரு நாள் போதாது என்றால், ஒரு நாகரிகத்தை நோக்கும் முறையை மாற்ற அது எப்படிப் போதும்? 1998-இல் ஃப்ரீமன் அறக்கட்டளையின் ஆதரவுடன் தொடங்கிய ஆசியக் கல்விக்கான தேசியக் கூட்டமைப்பு இதை உணர்ந்திருந்தது. கிழக்காசியாவைப் பற்றிய அதன் கருத்தரங்குகள் 30 மணி நேரம் வரை நீள்பவை. தெற்காசியாவுக்கு அதே அளவில் ஓர் ஏற்பாடு அமையாதது பெரிய இழப்பு.

நேரம் இருந்தால் அதில் என்ன செய்வது? ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: சோழர்கால நடராசர் செப்புத் திருமேனி. நியூயார்க், சிகாகோ, கிளீவ்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகங்களில் ஆசிரியர்கள் நேரில் காணக்கூடியது. வழக்கமான பட்டறையில் இதற்கு ஒரு பொருள்விளக்க அட்டவணை தருவார்கள்: உடுக்கை படைத்தல், தீ அழித்தல், தூக்கிய கால் அருள், காலடியில் முயலகன் அறியாமை. ஆசிரியர் மனப்பாடம் செய்வார், மாணவர் படம் வரைந்து அம்புக்குறி இடுவர், பாடம் முடிந்துவிடும். அந்த விளக்கம் பிழையல்ல. ஆனால் அதில் கேட்க ஒரு கேள்வியும் மிஞ்சுவதில்லை.

அட்டவணையை ஒதுக்கிவிட்டு, ஆசிரியர்களைப் பீடத்தை மட்டும் பார்க்கச் சொல்வோம். தாமரை இதழ்களுக்குக் கீழே, பீடத்தின் பக்கங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். எதற்காக? தண்டு செருகவும் கயிறு பிணைக்கவும். அப்படியானால் இது தூக்கிச் செல்லப்பட்டது. யார் தூக்கினார்கள், எங்கே, எப்போது? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் கருவறையை விட்டு நீங்காத மூலவரும், வீதிக்கு வரும் உற்சவரும் தெரியவருவார்கள். பொதுவழக்கை மீறி மூலவரே ஆனியிலும் மார்கழியிலும் தேரேறும் சிதம்பரம் தெரியவரும். வீதியில் வரும் திருமேனி பட்டும் மாலையும் போர்த்தியிருக்கும். முகம் தவிர உலோகம் கண்ணில் படுவதே அரிது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் நாம் வியக்கும் இடை வளைவு, பக்தர் கண்ட காட்சி அல்ல. ஹான்வி சொன்ன பார்வைக்கோணம் இந்த இடத்தில் கைக்குச் சிக்குகிறது. தாம் பார்த்தது அருங்காட்சியகத்தின் நடராசரை என்று ஆசிரியர் உணரும் அந்த நொடிக்காகத்தான் பட்டறையே.

அதே திருமேனியைக் கொண்டே உலகச் சிக்கலையும் பேசலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே கோயிலில் எடுத்துவைத்த நிழற்படங்கள் அது எந்த ஊர்ச் சாமி என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்தை வெறும் பெயராகப் படிப்பதற்கும், துளைகளை எண்ணிப் பார்த்த பிறகு படிப்பதற்கும் வேறுபாடு பெரிது. ‘உலகப் பண்பாடுகள்’, ‘உலகச் சிக்கல்கள்’ என இரண்டு தனி அமர்வுகள் வைக்கும் பழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நடராசரை மட்டும் காட்டினால் தெற்காசியா என்றால் இந்து சமயம் என்று ஆகிவிடாதா? ஆகும். அதனால் பக்கத்தில் நாகப்பட்டினத்தையும் வைக்க வேண்டும். அங்கே ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் அதைச் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பதிவுசெய்கின்றன. சிவபக்தனான தமிழ் மன்னன், கடல்கடந்த நாட்டின் அரசன், ஒரு பௌத்தப் பள்ளி, இரண்டு மொழிகள். உலகமயம் நேற்று முளைத்ததென நம்பும் பதினோரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னும் கடினமான கேள்வி, ஒரு பண்பாட்டுக்காகப் பேச யாருக்கு உரிமை என்பது. 2005-06-இல் கலிஃபோர்னியா ஆறாம் வகுப்புப் பாடநூல்களில் சில இந்து அமைப்புகள் திருத்தங்கள் கோரின. ஆரியர் வருகை, சாதி, பெண்கள் நிலை ஆகியவை பற்றிய வரிகளே தகராறு. ஹார்வர்டின் மைக்கேல் விட்சல் உள்ளிட்ட அறிஞர்களும் தலித் அமைப்புகளும் எதிர்த்தனர், வழக்குகள் தொடர்ந்தன. 2016-இல் பாடத்திட்டச் சட்டகம் திருத்தப்பட்டபோது, சில இடங்களில் ‘இந்தியா’ என்பதா ‘தெற்காசியா’ என்பதா என்று தகராறு மீண்டும் மூண்டது. என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. தம் பிள்ளை வகுப்பில் கேலிக்கு ஆளாகக் கூடாது என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்காகச் சாதியைப் பாடத்திலிருந்து மெழுகித் துடைப்பது நியாயமல்ல. அதே வகுப்பில் சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கக்கூடும். பட்டறைகள் இந்தச் சர்ச்சையைத் தவிர்த்துவிட்டு நட்பான பண்பாட்டு அறிமுகத்தோடு நின்றுகொள்கின்றன. நான் கேட்பது நேர்மாறானது. திருத்தம் கோரிய மனுவையும் மறுத்த மனுவையும் ஆசிரியர்கள் கையில் கொடுத்து, எந்தத் தரப்பு எந்தச் சான்றை முன்வைக்கிறது என்று ஒரு பிற்பகல் முழுக்க வாதாட விட வேண்டும். ஒரு பண்பாட்டுக்குள்ளேயே சண்டை உண்டு என்று அறிந்த ஆசிரியர், ‘இந்தியர்கள் இப்படித்தான் நம்புகிறார்கள்’ என்று வகுப்பில் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் நல்லது.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். 2011-இல் ஆறாம் பகுதிக்கும் ஃபுல்பிரைட்-ஹேஸுக்குமான நிதி சுமார் 40 விழுக்காடு வெட்டப்பட்டது. 2025-இல் அமெரிக்கக் கல்வித் துறை வட்டார ஆய்வு மையங்களுக்கான நிதித் தொடர்ச்சியையே நிறுத்தியது. நிதி குறையும்போது ஆய்வையும் மொழி வகுப்பையும் காப்பாற்றத்தான் பல்கலைக்கழகம் முந்தும். ஆசிரியர் பட்டறை வரிசையில் கடைசி. எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு நூறு பேருக்கு ஒரு நாள் கூட்டம் நடத்த வேண்டும் என்ற ஆசை மையங்களுக்கு எழும். அறிக்கையில் எண்ணிக்கை அழகாக இருக்கும். அதைவிடப் பதினைந்து ஆசிரியரை அழைத்து, ஓராண்டில் பத்துச் சனிக்கிழமைகள், சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம் அவர்களோடு உட்காரலாம். முதல் சனிக்கிழமை அருங்காட்சியகத்தில், உரை எதுவுமின்றி, பீடத்தின் முன் தொடங்கலாம். ஐந்தாவது முறை கூடும்போது அவர்கள் தங்கள் வகுப்பில் நடத்திப்பார்த்த பாடக்குறிப்போடும், பிள்ளைகள் கேட்டுத் தங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளோடும் வரட்டும்.