மகரக்கட்டு

கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதியைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்டவர். பாய்ஸ் கம்பெனிப் பையன்களுக்குப் பெரிய பயம் மகரக்கட்டு. குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட் வேஷம் போச்சு.

இத்தாலியில் இதற்குக் கொடூரமான வழி கண்டார்கள். நன்றாகப் பாடும் பையனுக்குக் குரல் உடையுமுன், மாட்டுக்குச் செய்வதுபோல, காயடித்தார்கள். உடம்பு வளரும், நெஞ்சு விரியும், குரல் மட்டும் பிள்ளைக் குரலாகவே நிற்கும். இவர்கள்தான் காஸ்ட்ராட்டோக்கள். ஓபராவில் ராஜா, வீரன் வேஷமெல்லாம் இவர்களுக்கே. அவர்களில் பேர்பெற்ற ஃபாரினெல்லி (1705–1782), மனச்சோர்வில் கிடந்த ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்புக்காக 1737 முதல் அரண்மனையில் பாடினார். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் இந்தக் குரலில் கதாநாயகன் பாடுவது பிடிக்கவில்லை!

கடைசியாக வந்த மொரெஸ்கி வத்திக்கான் சிஸ்டைன் ஆலயப் பாடகர். அவர் குரல் இசைத்தட்டில் இருக்கிறது. 1922 ஏப்ரலில் ரோமில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 13-ல், எத்தனையோ பிள்ளைகளைப் பாடவைத்த சுவாமிகள், பக்கவாதத்தால் பேச்சிழந்து, இங்கே புதுச்சேரியில் காலமானார்.