சிசிலித் தீவின் கடைசிப் பிரபுக்கள்

1860-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆந் தேதி, ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களோடு கரிபால்டி சிசிலித் தீவின் மேற்குக் கோடியிலுள்ள மர்ஸாலாத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, நேப்பிள்ஸில் வீற்றிருந்து அத்தீவை ஆண்ட பூர்போன் மன்னரின் சேனை அவருடையதைவிடப் பன்மடங்கு பெரிதாயிருந்தும், அம்மாதம் முடிவதற்குள்ளாகவே அவர் தலைநகராகிய பலேர்மோவில் பிரவேசித்துவிட்டார். அந்தப் புரட்சியின் நடுவே அகப்பட்ட சலீனா பிரபுவின் கதையைத்தான் லூக்கினோ விஸ்கோந்தி 1963-இல் ‘சிறுத்தை’ என்னும் திரைப்படமாக்கினார். மூல நாவலை எழுதிய லாம்பெதூஸா தாமே ஒரு சிசிலிப் பிரபு. தம் கொள்ளுப்பாட்டனாரை மனத்தில் வைத்தே கதாநாயகனைப் படைத்தார். 1943-இல் குண்டுவீச்சில் தம் குலத்து மாளிகை பாழானதைக் கண்ட அவர், நூல் அச்சேறுவதற்கு முந்தின வருஷமே, 1957-இல், காலமானார். விஸ்கோந்தியோ மிலான் நகரத்துப் பழைய பிரபு வம்சத்தில் உதித்தும் கம்யூனிஸ்ட் அபிமானியாக வாழ்ந்தவர்.

படத்திலே, பிரபு குடும்பத்தோடு கோடை வாசத்துக்குக் கிராமத்து மாளிகைக்கு வந்து, வண்டியை விட்டிறங்கிய கையோடு மாதாகோயிலில் அமர்ந்திருக்கையில், வழிநெடுகப் படிந்த வெண்புழுதி முகத்திலும் உடையிலும் அப்பிக்கிடக்க, உயிருள்ள அம்மனிதர்கள் கோயிற் சிலைகளைப்போலவே காட்சியளிக்கிறார்கள். முக்கால் மணி நேரம் நீளும் நடன விருந்திலே, பலேர்மோவின் கான்ஜி மாளிகையில் மெழுகுவத்திகள் ஜொலிக்க, பிரபு மெள்ள நடந்துபோய் எட்டிப் பார்க்கும் அறை நிறைய மூத்திரக் கலயங்கள்! வைபவத்தின் மறுபுறத்தை இப்படிக் காட்டுவதற்கு அத்தகைய வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவனால்தான் முடியும்.

அதே 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல், சிசிலியை இத்தாலியோடு இணைப்பதற்கான வாக்கெடுப்பு நடந்தது. சிசிலி முழுவதிலும் சம்மதம் 4,32,053, மறுப்பு 667. கதையிலே, மறுத்து வாக்களித்த கோயில் வாத்தியக்காரர், தம்மூரில் மறுப்பு ஒன்றுமே இல்லையென்று மேயர் வாசிப்பதைக் கேட்டு மனம் புழுங்குகிறார். பிரபுக்களின் சமஸ்தான உரிமைகள் 1812-லேயே சட்டப்படி ரத்தாகியிருந்தும் பண்ணைகள் கலையவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடியானவனிடம் வாரம் வாங்கிக் கொழுத்தவர்களே புதிய ஆட்சியின் பெரிய மனிதர்களானார்கள். அத்தகைய மேயரின் மகளைத் தம் சகோதரி மகனுக்குக் கட்டிவைக்கும் பிரபுவின் சோகம் அழகான சோகந்தான். ஆனால் புரட்சியில் மோசம் போனவர் அவரல்லர் என்பதே என் அபிப்பிராயம்.

எட்னா எரிமலையின் மேற்குச் சரிவிலுள்ள புரோந்தே என்னும் ஊரைப் பார்த்தால் இது விளங்கும். அங்குள்ள பெரும் பண்ணை, 1799-இல் பூர்போன் மன்னர் ஆங்கிலத் தளபதி நெல்சனுக்கு மானியமாக வழங்கியது. பொதுநிலத்தைப் பகிர்ந்தளிப்பதாகக் கரிபால்டி வெளியிட்ட பிரகடனத்தை நம்பிய குடியானவர்கள், ஆகஸ்டில் வெறிகொண்டெழுந்து ஊர்ப் பிரமுகர்கள் பலரைக் கொன்றார்கள். கொடுமைதான், சந்தேகமில்லை. கரிபால்டியின் தளபதி நீனோ பிக்ஸியோ விரைந்துவந்து, அவசர விசாரணையொன்றை நடத்தி, 10-ஆந் தேதி ஐவரைச் சுட்டுக்கொல்லச் செய்தார். அவர்களுள் ஒருவன் ஊரறிந்த சித்தசுவாதீனமற்றவன்.

விஸ்கோந்தியின் படத்தில் புரோந்தே இல்லை. படமுடிவில் விடியற்காலை கேட்கும் வேட்டுச் சத்தம், புதிய அரசின் சேனையை விட்டோடிக் கரிபால்டியின் பின் சென்ற சிப்பாய்களுக்கு விதித்த தண்டனை. புரோந்தேயின் கதையை வான்சீனி என்ற மற்றொரு டைரக்டர் 1972-இல் படமாக்கினார். நெல்சன் வாரிசுகள் வசமிருந்த பண்ணை மாளிகையோ 1981-இல்தான் அவ்வூர் நகரசபையின் கைக்கு வந்தது, அதுவும் விலைகொடுத்து.